தேநீர் கலந்த நானூறு மில்லி

பாட்டில் கையில் இருந்தது. அடிவயிறு முட்டிக்கொண்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எது தடுக்கிறது என்பதுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை.

மல்லாந்து படுத்திருந்தார். வலது கால் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுக்குள் அடங்கி, இரண்டு தலையணைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. போர்வைக்கு அடியில் பாட்டிலைச் சரியான இடத்தில் பொருத்திவிட்டு, சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி காத்திருந்தார். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. மூச்சைப் பிடித்து முக்கிப் பார்த்தார். நெற்றியில்தான் வியர்வை வந்தது.

காலை ஆறு மணிக்கு வீட்டில் போனதோடு சரி. எட்டு மணிக்கு ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையிலிருந்து இறங்கும்போது ஏணியின் கடைசிப் படிகளில் கால் வழுக்கிவிட்டது. பத்தொன்பது வருடமாக அறுபது அடி, எழுபது அடிப் பள்ளத்தின் மேல் நின்று வேலை பார்த்த மனிதர், மூன்றடி உயரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டார். பத்து மணிக்குக் கட்டுப் போட்டார்கள். "கட்டிலை விட்டு இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மருந்து நீர் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது மணி ஒன்றரை.

"ஏங்க, வருதா?" என்று மனைவி ரகசியமாகக் கேட்டாள். அவள் ரகசியம் நாலு கட்டிலுக்குக் கேட்கும்.

"கொஞ்சம் சும்மா இரேன்."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் அரை மணி நேரமா நெளியறீங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பஸ் டிரைவருக்கு இது போதுமானதாக இருந்தது. கணுக்கால் முறிந்து மூன்று நாளாகப் படுத்திருக்கிறவர். பொழுது போகாமல் தவித்தவர். "என்ன லிஃப்டு, போர்வைக்குள்ள ஏதாச்சும் ரிப்பேரா? டூல்ஸ் வேணும்னா சொல்லு, கேண்டீன்ல ஸ்பேனர் இருக்கும்."

மெக்கானிக் பாட்டிலை வெளியே எடுத்தார். காலியாகவே இருந்தது.

பன்னிரண்டு கட்டில்கள் வரிசையாகப் போட்ட கூடம் அது. ஒருவர் புரண்டால் பதினோரு பேருக்குத் தெரியும். மூலையில் ஒரு மடக்குத் திரை இருந்தது. அதன் மேல் துண்டும் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தனவே தவிர, அதை யாரும் விரித்து அவர் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குத் தலைமை நர்ஸ் நோட்டோடு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வேகமான நடை. ஒவ்வொரு கட்டிலிலும் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டார், அதே கணீர்க் குரலில்.

"ஏழாம் நம்பர், யூரின் போனீங்களா?"

கூடமே தன்னைப் பார்ப்பதாக மெக்கானிக்குக்குத் தோன்றியது. "போயிடுவேன் சிஸ்டர்."

"எட்டு மணி நேரம் ஆச்சு. இன்னும் அரை மணி நேரத்துல போகணும். இல்லைன்னா டியூப் விட்டுத்தான் மூத்திரத்தை எடுக்க வேண்டியிருக்கும்."

டியூப் என்ற சொல் அவர் வயிற்றில் இன்னும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. வலியை நினைத்துக்கூட அவ்வளவு பயமில்லை. முப்பத்தொன்பது வயதில், நோய்நொடி எதுவும் இல்லாமல், ஒரு சாதாரணக் காரியம் தன்னால் முடியவில்லை என்று நோட்டில் ஏறுமே, டிரைவர் காதில் விழுமே, நாளைக்குப் பார்க்க வரும் கம்பெனி ஆட்கள்வரை போகுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. உள்ளுக்குள் இன்னொன்றும் அரித்தது. தனக்கு ஏதோ கெட்டுப்போய்விட்டது. கால் முறிந்த அதிர்ச்சியில் வேறு ஏதோ அறுந்துபோய்விட்டது.

மனைவி மாத்திரை வாங்கக் கீழே போனாள். டிரைவர் கண்ணை மூடியிருந்தார். அப்போதுதான் மெக்கானிக், பத்தொன்பது வருட வேலையில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். மனைவி மேசையில் வைத்திருந்த பிளாஸ்க்கை எட்டி எடுத்து, மீதியிருந்த பால் ஊற்றாத டீயைப் பாட்டிலில் சாய்த்தார். நிறம் கொஞ்சம் கெட்டியாகத் தெரியவே, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி இளமஞ்சளுக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திருகி, கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

வார்டு உதவியாளரை எல்லோரும் நெட்டை என்றே கூப்பிடுவார்கள். அவர் வந்து பாட்டிலைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் இருந்த அளவுக் கோட்டைப் பார்த்தார். "சிஸ்டர், ஏழாம் பெட், நானூறு."

நோட்டில் நானூறு ஏறியது.

"நல்லாப் போகுது" என்றார் நர்ஸ், திருப்தியாக. "டிரிப் முடியப்போகுது. இன்னொண்ணு மாட்டிடு."

மெக்கானிக்குக்கு முழி பிதுங்கியது. உள்ளே ஏற்கெனவே இடமில்லை. மேலே இன்னொரு முழுப் பாட்டில் தொங்குகிறது. அவர் சொன்ன பொய் ஒரு கணக்காகி, அந்தக் கணக்கை நம்பி ஒரு குழாய் திறந்துவிட்டது. இனி ஒவ்வொரு சொட்டும் அவர் அடிவயிற்றுக்குத்தான் வந்து சேரும்.

மூன்று மணி. மூன்றரை. இடது காலை மடக்கினார், நீட்டினார். தலையணையைத் திருப்பினார். பற்களைக் கடித்தார். எங்கோ வாஷ்பேசினில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவினார்கள். அந்தச் சத்தம் அவரைக் குத்தியது. போர்வைக்குள் பாட்டிலை மறுபடி வைத்தார், எடுத்தார், வைத்தார். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது. கதவு திறந்ததும் டிரைவரின் மாமனார், மாமியார், சித்தப்பா, குழந்தைகள் என்று ஒரு கல்யாணக் கூட்டமே உள்ளே வந்து, அவருடைய கட்டிலுக்கும் டிரைவரின் கட்டிலுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

வேறு எதையாவது நினைத்தால் வலி குறையும் என்று வேலையைப் பற்றி நினைத்தார்.

லிஃப்ட் ஓடவில்லை என்று வரும் பத்து அழைப்புகளில் ஏழில் மோட்டாருக்கு எந்தக் குறையும் இருக்காது. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்குள் விரல்நுனி அளவில் ஒரு மின்தொடர்பு. தரைத்தளத்திலிருந்து உச்சிவரை அத்தனையும் ஒரே சங்கிலி. எல்லாக் கதவும் சரியாக மூடி, சங்கிலி முழுமையானால்தான் பிரேக் விடும், மோட்டார் சுற்றும். ஐந்தாம் மாடிக் கதவின் தடத்தில் ஒரு சின்னக் கல் கிடந்தால் போதும். கீழே நிற்பவர் எத்தனை முறை பொத்தானை அமுக்கினாலும் லிஃப்ட் அசையாது. அமுக்குவார்கள், குத்துவார்கள், கதவை உதைப்பார்கள். பிறகு போன் செய்து, "மோட்டார் எரிஞ்சுபோச்சு" என்பார்கள். இவர் போய் கல்லை எடுத்துப் போடுவார். "மோட்டாரைத் திட்டாதீங்க சார், அது உத்தரவுக்குக் காத்திருக்கு" என்று ஒரு சிரிப்போடு சொல்லிவிட்டு வருவார்.

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் அவருக்குச் சுருக்கென்றது. மத்தியானத்திலிருந்து தான் செய்துகொண்டிருப்பதும் அதைத்தானே? முக்கி முக்கிப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறோம். எந்த மாடிக் கதவு திறந்து கிடக்கிறது என்று பார்க்கவே இல்லை.

மாத்திரையோடு திரும்பியிருந்த மனைவி, அவர் நெற்றியைத் துடைக்கக் குனிந்தவள், மேசையைப் பார்த்தாள். பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தாள். "டீயைப் பூராக் குடிச்சிட்டீங்களா? டீ வேண்டாம்னு சொன்னீங்களே."

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. பிளாஸ்க்கை மேசையில் வைத்தாள்.

"சிஸ்டரைக் கூப்பிடறேன்."

"வேண்டாம். இத்தனை பேர் இருக்காங்க."

"இத்தனை பேரும் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க. உங்க வயிறுதான் உங்ககூட இருக்கும்."

"மானம் போயிடும்டி."

"உயிர் போற மாதிரி துடிக்கறீங்க. மானத்தை மட்டும் பத்திரமா வெச்சு என்ன பண்ணப் போறீங்க? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா எப்படிச் சொல்லுவேன்னு தெரியும்ல."

தெரியும். நாலு கட்டிலுக்கு அல்ல, நாற்பது கட்டிலுக்குக் கேட்கும். மெக்கானிக் தானே கையைத் தூக்கினார்.

நர்ஸ் வந்தார். "என்ன, கால் வலிக்குதா?"

"சிஸ்டர், அந்த நானூறு என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"பிளாஸ்க்கோடது."

நர்ஸுக்குப் புரியச் சில நொடிகள் பிடித்தன. புரிந்ததும் முகம் இறுகியது. முதலில் மருந்து நீர்க் குழாயின் சக்கரத்தைத் திருகி நிறுத்தினார். போர்வைக்கு மேலாகவே அவர் அடிவயிற்றில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழேவரை, காற்றடித்த பந்து போல இறுகியிருந்தது. மெக்கானிக் முனகினார்.

"சிஸ்டருக்கே தண்ணி காட்டிட்டியே லிஃப்டு" என்றார் டிரைவர். வழக்கமான கேலிதான். ஆனால் இந்தமுறை குரலில் பழைய தெம்பு இல்லை.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் நர்ஸ். பிறகு மெக்கானிக்கிடம், குரலைத் தாழ்த்தி, "இந்த நோட்டை நம்பித்தான் மருந்து ஏத்தறோம். அது தெரியுமா உங்களுக்கு? மூத்திரப்பை ரப்பர் பலூன் மாதிரி. ஒருநாள் அளவுக்கு மேல இழுத்தாலே அப்புறம் சுருங்கறதுக்குச் சோம்பல் பண்ணும். நல்லா இருந்த ஆளு நிஜமாவே நோயாளி ஆயிடுவீங்க."

"எனக்கு என்னமோ கெட்டுப்போச்சு சிஸ்டர். அதான் சொல்லலை."

"எதுவும் கெட்டுப்போகலை. மல்லாந்து படுத்தா நிறையப் பேருக்கு வராது. நல்லா ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கும்தான்."

மெக்கானிக் அவரை நிமிர்ந்து பார்த்தார். மத்தியானத்திலிருந்து அவரைத் தின்றுகொண்டிருந்த பயத்துக்கு, ஒரே வரியில் பதில் இருந்திருக்கிறது. கேட்காததால் கிடைக்கவில்லை.

நர்ஸ் விளக்கினார். மூத்திரப்பையின் சுவரே ஒரு தசை. அது சுருங்கித்தான் வெளியே தள்ளுகிறது. வாசலில் இரண்டு அடைப்பு இருக்கிறது. ஒன்று நம் சொல்பேச்சைக் கேட்கும், இன்னொன்று கேட்காது. மனசு நிம்மதியாக இருந்து, அடியில் இருக்கிற தசைகள் தளர்ந்தால்தான் இரண்டும் திறக்கும். முக்கினால் அந்தத் தசைகள் இன்னும் இறுகும். சிறுவயதிலிருந்து நின்றோ உட்கார்ந்தோ போய்ப் பழகிய உடம்பு, முதுகு மெத்தையில் பட்டவுடன் இது தூங்குகிற இடம் என்றே நினைக்கும்.

"அப்ப மோட்டார் நல்லாத்தான் இருக்கு. எங்கயோ கதவு மூடலை" என்றார் மெக்கானிக்.

"என்ன கதவு?"

வலியோடு வலியாக, பூட்டுச் சங்கிலியைப் பற்றி இரண்டு வாக்கியத்தில் சொன்னார். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. இருபது நிமிஷம் தரேன். ஒவ்வொரு கதவா மூடிப் பார்ப்போம். அதுக்குள்ள வரலைன்னா டியூப். டியூப் ஒண்ணும் தண்டனை இல்ல, அவமானமும் இல்ல. தேவைப்பட்டா போட்டுத்தான் ஆகணும். சம்மதமா?"

தலையாட்டினார்.

நெட்டை திரையின் மேலிருந்த துண்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு அதை இழுத்து வந்தார். துருப்பிடித்த சக்கரங்கள் கிறீச்சிட்டன. டிரைவரின் சொந்தக்காரர்களை நர்ஸ் வெளியே அனுப்பினார். மெக்கானிக் படுத்தபடியே மறுபடி முயன்றார். ஏதோ அசைவது போல இருந்தது, நின்றுவிட்டது. நாலு நிமிடம் போயிற்று.

"நின்னா வந்துடும் சிஸ்டர். ஒரே ஒரு நிமிஷம் நிக்கறேன்."

நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தார். நின்றபடியே கேட்டு, நின்றபடியே தலையாட்டிவிட்டு வந்தார். "நிக்கக் கூடாதாம். கட்டு இன்னைக்குத்தான் போட்டது, தலை சுத்தினா இன்னொரு காலும் போயிடும். ஆனா முறிஞ்ச காலை ஊனாம, கட்டில் ஓரமா உட்காரலாமாம். மத்தியானமே கேட்டிருக்கலாம். கேட்கத் தோணலை."

"உட்கார்ந்துக்கிட்டா?" என்றார் நெட்டை. "பொம்பளைங்க மாதிரியா?"

நர்ஸ் அவர் பக்கம் திரும்பினார். "ஆமா, பொம்பளைங்க மாதிரிதான். எட்டு வருஷம் பொம்பளைங்க வார்டுல இருந்தேன். அங்க யாரையும் மல்லாக்கப் போட்டுப் போகச் சொன்னதில்ல. முதுகைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வெப்போம், திரை போடுவோம், காத்திருப்போம். இங்க ஆம்பளைங்கன்னா பாட்டில் இருக்கேன்னு கையில குடுத்துட்டுப் போயிட்டோம். நானும்தான். உட்கார்ந்தா என்ன குறைஞ்சுடும்? ஆரோக்கியமா இருக்கற ஆம்பளைக்கு நின்னாலும் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. வயசானவங்கள்ல நிறையப் பேருக்கு உட்கார்ந்தாத்தான் சுலபம். நீ அந்த ஸ்டூலை எடு."

மனைவி முதுகுப்பக்கம் தாங்கினாள். நெட்டை மாவுக்கட்டுக் காலை இரண்டு கைகளிலும் ஏந்தி, அவர் திரும்பும் திசைக்குத் தானும் திரும்பி, ஸ்டூலின் மேல் தலையணை வைத்து அதில் இறக்கினார். இடது பாதம் தரையைத் தொட்டது. நிமிர்ந்ததும் மெக்கானிக்குக்கு முதலில் கிறுகிறுத்தது, அடங்கும்வரை பொறுத்தார்கள். பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு மூவரும் திரைக்கு வெளியே வந்தார்கள்.

"முக்கக் கூடாது" என்றார் நர்ஸ் திரைக்கு அப்பாலிருந்து. "தோளைத் தளர்த்துங்க. மூச்சை மெதுவா விடுங்க. அவசரமே இல்ல."

அவசரம் இருந்தது, பத்து நிமிடம்தான் மீதி. ஆனால் அதை நர்ஸ் சொல்லவில்லை. மனைவி டிரைவரிடம் பஸ் நேரம் விசாரிக்க ஆரம்பித்தாள், வேண்டுமென்றே, தன் இயல்பான குரலில். அந்தச் சத்தத்தின் மறைவில் மெக்கானிக் தரையில் படிந்த தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்டதிலிருந்து இப்போதுதான் அது தரையைத் தொடுகிறது. தாடை தளர்ந்தது. தோள் இறங்கியது. ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. நின்றது. அவர் முக்கவில்லை. மூச்சை விட்டுக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு, யாரும் எதையும் அமுக்காமலே, பாட்டிலின் அடியில் சளசளவென்று சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது.

மனைவி பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் என்ன பேசுகிறோம் என்பதை மறந்து, ஒரே பஸ்ஸின் நேரத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"எழுநூத்தி அறுபது" என்றார் நெட்டை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. இந்தமுறை மெதுவாகத்தான் சொன்னார். நர்ஸ் மறுபடி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பந்து கரைந்திருந்தது. நோட்டில் இருந்த நானூறைக் கோடு போட்டு அடித்துவிட்டு, புது எண்ணையும் நேரத்தையும் எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்.

திரையை மடக்கப் போனார் நெட்டை. அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அதை மடக்காதீங்க. இந்தப் பக்கம் தள்ளுங்க."

டிரைவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "மூணு நாளா எனக்கும் இதே கதைதான் சிஸ்டர். சொட்டுச் சொட்டா வரும், பாதியில நின்னுடும். அதனால தண்ணியே குடிக்கறதில்ல. காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அவரைக் கிண்டல் பண்ணினா என்னை யாரும் கவனிக்க மாட்டாங்கன்னுதான்..."

மெக்கானிக் அவரைப் பார்த்தார். கேலிக்குப் பதில் கேலி சொல்ல நல்ல சந்தர்ப்பம். நாலைந்து பதில்கள் நாக்கு நுனியிலேயே இருந்தன. அவர் சொன்னது வேறு. "முதல்ல உட்காருங்கண்ணே. முக்காதீங்க. என் வீட்டுக்காரி பஸ் நேரம் கேட்டுக்கிட்டே இருப்பா, தைரியமா இருங்க."

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாம் கட்டிலில் இருந்தவர் சிரிக்காமல், தானும் கையைத் தூக்கினார். ஒன்பதாம் கட்டிலில் இன்னொரு கை உயர்ந்தது.

நர்ஸ் உயர்ந்த கைகளை எண்ணினார். நோட்டை மூடி வைத்துவிட்டு, கூடம் முழுவதற்கும் கேட்கும்படி, ஆனால் யாரையும் பெயர் சொல்லாமல் பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. படுத்தா வரலைங்கறது நோயும் இல்ல, ஆம்பளைத்தனத்துல குறையும் இல்ல. அதை மறைச்சுத் தண்ணி குடிக்காம இருக்கறதும், போயாச்சுன்னு பொய் சொல்றதும்தான் ஆபத்து. இனிமே இந்த வார்டுல பாட்டிலை மட்டும் குடுத்துட்டுப் போக மாட்டோம். முதல்ல திரை போடுவோம். டாக்டர் சரின்னு சொன்னவங்களைக் கட்டில் ஓரத்துல, காலைத் தொங்கவிட்டோ தாங்கவெச்சோ உட்கார வெப்போம். உட்காரக் கூடாதவங்களுக்குக் கட்டிலோட தலைப்பக்கத்தை எவ்வளவு தூக்கலாமோ அவ்வளவு தூக்குவோம். முக்காம, அவசரப்படாம இருங்க. அப்பவும் வரலைன்னா, வரலைன்னு உடனே வாயைத் திறந்து சொல்லுங்க."